கோச்சிங் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை அதிகாரிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீங்கள் செய்வது என்ன வேலை?

பொறுப்பான கதிரையில் இருப்பவர்களோடு தனியாக உட்கார்ந்து கதைப்பது. பிரதேச செயலாளர், வலயக் கல்விப் பணிப்பாளர், வைத்தியசாலை அத்தியட்சகர், நீர்ப்பாசனப் பொறியியலாளர், பாடசாலை அதிபர், தொண்டு நிறுவனத்தின் மாவட்ட முகாமையாளர் என்று பலர் வருகிறார்கள். எக்சிகியூட்டிவ் கோச்சிங் என்று இதற்குப் பெயர். கொழும்பில் வங்கிகளும் பெரிய கம்பனிகளும் தங்கள் மேல்மட்டத்தினருக்கு இதை ஏற்பாடு செய்து கொடுக்கின்றன. நம் பக்கத்தில் ஓர் அரச அதிகாரிக்கு அப்படி ஓர் இடம் கிடைப்பது அரிது. பிழை நடந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். பதவி உயர்ந்தால் பயிற்சி நெறிக்கு அழைப்பு வரும். "இந்த முடிவை எப்படி எடுப்பது என்று எனக்கே விளங்கவில்லை" என்று மனம் திறந்து சொல்ல மட்டும் ஆள் இருக்காது. அந்த ஆளாக இருப்பதுதான் என் வேலை.

அரச சேவையில் உங்கள் பின்னணி என்ன?

இலங்கை நிர்வாக சேவையில் இருந்தேன். கிழக்கின் பிரதேச செயலகங்களில் தொடங்கி, பிறகு கச்சேரி என்று நாம் சொல்லும் மாவட்டச் செயலகம், அப்புறம் திருகோணமலையில் மாகாண நிர்வாகம். இந்த மூன்று மட்டங்களிலும் இருந்து பார்த்ததுதான் இன்றைக்கு எனக்குக் கை கொடுக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். பழைய சிவில் சேவையின் இடத்தில் 1963இல் நிர்வாக சேவை வந்தது. 1987இல் 13ஆவது திருத்தம் மாகாண சபைகளைக் கொண்டுவந்தது. 1992இல் வந்த 58ஆம் இலக்கச் சட்டம் கச்சேரியிடம் இருந்த பல அதிகாரங்களைப் பிரதேச செயலாளர்களுக்கு மாற்றியது. ஒவ்வொன்றும் முன்னதன் மேல் ஏற்றி வைக்கப்பட்டதே தவிர, முன்னது கழற்றப்படவில்லை. அதனால் வெல்லாவெளியிலோ திருக்கோவிலிலோ ஒரு விவசாயி "குளக்கட்டு உடைந்துவிட்டது" என்று வந்து நின்றால், முதல் கேள்வி குளம் யாருடையது என்பதுதான். 80 ஹெக்டேயருக்குக் குறைவாகப் பாயும் சிறு குளம் என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம். பெரியதென்றால் மத்திய நீர்ப்பாசனத் திணைக்களம் அல்லது மாகாண நீர்ப்பாசனத் திணைக்களம். விவசாயிக்குத் தண்ணீர் ஒன்றுதான். கந்தோர்கள் வேறு வேறு.

2004 டிசம்பர் 26 இந்த அறிவை வேறொரு வெளிச்சத்தில் காட்டியது. இலங்கையில் சுனாமி அதிக உயிர்களைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில். அதற்குப் பிறகு கரையோரத்தில் வீடு கட்டக்கூடாத ஒரு வலயத்தை அரசாங்கம் அறிவித்தது. தெற்கில் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றர். உயிரைக் காக்கும் நோக்கம்தான், சந்தேகமில்லை. ஆனால் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிய ஒரு நிலத்துண்டில் சனம் நெருக்கிக் குடியிருக்கிறது. அங்கே 200 மீற்றரைக் கழித்துவிட்டால் வீட்டுக்கு நிலம் எங்கே? நிலம் கிடைக்காததால் தற்காலிகக் கொட்டில்களில் நாள் நீண்டது. தூரத்தில் நிலம் கிடைத்தவருக்குத் தோணியும் வலையும் எட்டாமல் போயின. விதி பிறகு தளர்த்தப்பட்டது. அந்த மாதங்களில் வேலை செய்த யாரையும் சோம்பேறி என்றோ கெட்டவர் என்றோ சொல்ல என்னால் முடியாது. இரவு பகலாக உழைத்தார்கள். நல்ல மனிதர்கள், நல்ல நோக்கம், ஆனாலும் விளைவு இப்படி. இது எப்படி நடக்கிறது என்ற கேள்விதான் என்னை முறைமைச் சிந்தனையிடம் கொண்டுபோனது.

முறைமைச் சிந்தனை என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஒரு பிரச்சினை திரும்பத் திரும்ப வந்தால், ஆளைத் தேடுவதற்கு முன் அந்தப் பிரச்சினையைத் திரும்பத் திரும்ப உண்டாக்கும் இணைப்புகளைத் தேடுவது. ஆங்கிலத்தில் சிஸ்டம்ஸ் திங்கிங் என்பார்கள்.

இதன் ஒரு கிளை 1950களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் வளர்ந்தது. ஜே ஃபொரெஸ்டர் என்ற பொறியியலாளரிடம் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியினர் ஒரு புதிரைக் கொண்டுவந்தார்கள். கென்டக்கியில் இருந்த அவர்களுடைய தொழிற்சாலையில் சில வருடங்கள் வேலை தலைக்கு மேல், அடுத்த சில வருடங்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பவேண்டிய நிலை. சந்தை ஏறி இறங்குவதால் இப்படி என்று நினைத்திருந்தார்கள். ஃபொரெஸ்டர் ஆள் எடுக்கும் விதியையும் இருப்பு வைக்கும் விதியையும் ஒரு தாளில் எழுதி, வாரம் வாரமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார். வெளியே எதுவும் பெரிதாக மாறாவிட்டாலும் அந்த விதிகளே ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும் என்று தெரிந்தது.

புரிகிற மாதிரி நம் ஊர் உதாரணம் ஒன்று?

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் ஒரு பாடசாலை. கணித ஆசிரியர் இல்லை. வலயம் புதிய நியமனம் பெற்ற ஒருவரை அனுப்புகிறது. கட்டாய சேவைக் காலம் முடிந்ததும் அவர் வீட்டுக்குக் கிட்டிய இடத்துக்கு மாற்றம் கேட்கிறார். கேட்பதில் என்ன பிழை? அவருக்கும் பிள்ளைகள் உண்டு, வயதான தாய் தகப்பன் உண்டு. இடம் திரும்பவும் வெறுமையாகிறது. இதைக் கண்ட பெற்றோர், கொஞ்சம் வசதி இருந்தால், பிள்ளையை வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரைக்கு அனுப்புகிறார்கள். மாணவர் தொகை குறைகிறது. அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் ஆளணி மாணவர் தொகையை வைத்துக் கணக்கிடப்படுவதால் அதுவும் குறைகிறது. மிஞ்சிய ஆசிரியர் இரண்டு வகுப்பைச் சேர்த்து வைத்துப் படிப்பிக்கிறார். பெறுபேறு இறங்குகிறது. அதைப் பார்த்து இன்னும் சில பிள்ளைகள் போகிறார்கள்.

கடைசியில் அதிபரை மாற்றுகிறார்கள். புதிய அதிபர் உற்சாகமாக வருகிறார், அதே சுழலுக்குள் இறங்குகிறார்.

இதை வலுவூட்டும் சுழல் என்பார்கள். ஒவ்வொரு சுற்றும் அடுத்த சுற்றைப் பலப்படுத்தும். இந்தச் சுழலில் யார் குற்றவாளி என்று நான் வருபவர்களிடம் கேட்பதுண்டு. தாளில் வரைந்த பிறகு யாரையும் காட்ட முடிவதில்லை. 2014இல் இரு கரைகளையும் இணைக்கும் மண்முனைப் பாலம் திறந்தபோது ஆசிரியர்கள் வந்துபோவது இலகுவாகும் என்று எதிர்பார்த்தோம். இலகுவானது. பிள்ளைகள் மறுகரைக்குப் போவதும் அதே பாலத்தால் இலகுவானது. பாலம் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் பாலத்தோடு சேர்த்து யோசித்திருக்க வேண்டிய வேறு சில விடயங்கள் இருந்தன: ஆசிரியர் தங்கும் விடுதி, இடமாற்றக் கால அட்டவணை, மாணவர் தொகை குறைந்த பாடசாலைக்கு ஆளணியில் ஒரு விதிவிலக்கு. ஒவ்வொன்றும் வேறொரு மேசையில் இருக்கிறது. அந்த மேசைகளை ஒரே தாளுக்குக் கொண்டுவருவதுதான் முறைமைச் சிந்தனையின் முதல் பயன்.

இதையெல்லாம் படித்தே கற்றீர்களா?

படித்ததும் உண்டு. ஆனால் வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் கற்றது அதிகம்.

மாரியில் படுவான்கரை வெள்ளமெல்லாம் வாவிக்குள் வந்து சேரும். பாலமீன்மடுப் பக்கம் மணல் திட்டு முகத்துவாரத்தை அடைத்திருந்தால் வாவி பெருகி வயலுக்குள்ளும் தாழ்ந்த குடியிருப்புகளுக்குள்ளும் ஏறும். "வெட்டுங்கள்" என்று விவசாயிகள் வருவார்கள். "இப்போது வெட்டினால் வாவித் தண்ணீர் இறங்கிவிடும், எங்கள் தொழில் என்ன ஆவது" என்று வாவி மீனவர்கள் வருவார்கள். பிந்தி வெட்டினால் பயிர் அழுகும். முந்தி வெட்டினால் கடல் நீர் உள்ளே வந்து உப்பு ஏறும். மழை நிற்குமா நிற்காதா என்பது வெட்டும் நேரத்தில் யாருக்கும் தெரியாது.

இப்படியான கூட்டத்தில் இருந்தவருக்கு மூன்று விடயம் தானாகவே விளங்கும். ஒன்று, தாமதம்: இன்று செய்ததன் விளைவு நாளை மறுநாள்தான் தெரியும், அதற்குள் அவசரப்பட்டு இன்னொன்றைச் செய்தால் இரண்டும் கெடும். இரண்டு, ஒரே வாவியைப் பற்றி இரண்டு பேரும் சொல்வது உண்மைதான். மூன்று, தீர்மானத்தைச் சொல்கிறவர் கூட்டம் முடிந்தபின் இரு தரப்போடும் வாழவேண்டும். முகாமைத்துவ வகுப்பில் முதலிரண்டையும் படிப்பிக்கலாம். மூன்றாவதை எனக்கு அரச சேவை கற்றுத் தந்தது.

இந்தச் சிந்தனை நம் பகுதியில் எங்காவது வேலை செய்து காட்டியிருக்கிறதா?

காட்டியிருக்கிறது. இதை விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். நம் பிள்ளைகளுக்குக்கூட இது தெரிவதில்லை என்பது எனக்குக் கவலை.

கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் 1949இல் தொடங்கியது. இங்கினியாகலையில் அணை, சேனாநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கம், அதிலிருந்து இடதுகரை, வலதுகரை வாய்க்கால்கள். அம்பாறை 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானதற்கும் இந்தக் குடியேற்றத்துக்கும் தொடர்பு உண்டு. அந்த வரலாற்றின் காயங்களை நான் மறைக்கவில்லை, அவை இன்றும் பேசப்பட வேண்டியவை. இங்கே சொல்ல வந்தது 1980களின் தொடக்கத்தில் இடதுகரையில் நடந்த ஒன்றை.

அப்போது வாய்க்கால்கள் தூர்ந்து, கதவுகள் உடைந்து, தலைவாய்க்கால்காரர் தேவைக்கு மேல் எடுக்க, கடைவாய்க்காலுக்குத் தண்ணீர் போய்ச் சேரவே இல்லை. திணைக்களம் விவசாயியைக் குறை சொன்னது, விவசாயி திணைக்களத்தைக் குறை சொன்னார். அமெரிக்க உதவியோடு புனரமைப்பு தொடங்கியபோது, கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் ஒரு புது வழியைச் சேர்த்தன. இளம் பட்டதாரிகளை ஒழுங்கமைப்பாளர்களாக ஊருக்குள் தங்க வைத்தார்கள். அவர்கள் உத்தரவு போடவில்லை, சங்கமும் பதியவில்லை. ஒரே வயல்வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்து உட்கார வைத்து, "உங்கள் வாய்க்காலில் என்ன நடக்கிறது?" என்று கேட்டார்கள். அந்தச் சிறு குழுக்களே வாய்க்காலைத் துப்புரவாக்கின, முறை வைத்துத் தண்ணீர் எடுத்தன, மிச்சம் பிடித்ததைக் கீழே விட்டன. மேலே இருந்தவர்கள் சிங்கள விவசாயிகள். கடைவாய்க்காலில் தமிழ் விவசாயிகளும் இருந்தார்கள். காலம் என்ன காலம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நாட்களில் அந்தத் தண்ணீர் கீழே வந்தது.

பிற்பாடு, 1988இல், விவசாயிகள் பங்கேற்கும் நீர்ப்பாசன முகாமைத்துவம் நாட்டின் கொள்கையாகவே ஏற்கப்பட்டது. மனிதர்கள் திடீரென்று நல்லவர்களாகிவிட்டதால் இது நடக்கவில்லை. மேலே இருந்தவர் கீழே இருந்தவரின் நிலையை அறிந்துகொள்ள ஒரு வழி திறந்தது, பொறியியலாளர் விவசாயியின் பேச்சைக் கேட்க ஒரு கூட்டம் உண்டானது. இணைப்பு மாறியது, நடத்தை மாறியது. ஒழுங்கமைப்பாளர்கள் செய்த அந்த வேலை, கேள்வி கேட்டு, கேட்டுக்கொண்டிருந்து, முடிவை அவர்களிடமே விட்டது, கோச்சிங்கின் சாரமும் அதுதான் என்று நான் நம்புகிறேன்.

கோச்சிங் என்பது ஆலோசனை சொல்வதுதானே?

இல்லை. ஆலோசகர் உங்கள் பிரச்சினையை ஆராய்ந்து அறிக்கை தருவார். பயிற்றுவிப்பாளர் பாடத்திட்டத்தோடு வருவார். உளவளத்துணையாளர் மனக்காயத்தோடு வேலை செய்வார். கோச் உங்கள் வேலையில் நீங்களே தெளிவாகப் பார்க்கவும் முடிவெடுக்கவும் துணை நிற்பவர். போர்க்காலத்தையும் சுனாமியையும் கடந்த மண் இது. பேச்சின் நடுவே மனக்காயம் வெளிப்படுவதுண்டு. அது என் தகுதிக்கு அப்பாற்பட்டது என்று தெரிந்தால் உரிய வைத்தியரையோ உளவளத்துணையாளரையோ பார்க்கச் சொல்வேன். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பழைய அதிகாரி என்றால் எங்கள் மேல் அதிகாரம் பண்ண மாட்டீர்களா?

நியாயமான பயம். அரச சேவையில் மூத்தவர் பேசினால் இளையவர் குறிப்பெடுப்பது பழக்கம். அதனால்தான் கோச்சிங்கைத் தனியாகக் கற்றேன். 1995இல் தொடங்கப்பட்ட சர்வதேச கோச்சிங் சம்மேளனம் தன் சான்றிதழ்களுக்கு 100, 500, 2500 மணிநேரக் கோச்சிங் அனுபவத்தை வரிசையாகக் கேட்கிறது. எல்லாம் எதற்கு? வாயை மூடிக்கொண்டு கேட்கப் பழகத்தான். என் அனுபவம் தேவை என்று நீங்கள் கேட்டால் சொல்வேன். "இது என் அனுபவம், உங்கள் கந்தோருக்குப் பொருந்துமா என்று நீங்கள் பாருங்கள்" என்று சொல்லித்தான் சொல்வேன்.

இங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கதைத்தது வெளியே போகாதா?

போகாது. ஒரே கந்தோரின் மேலதிகாரியையும் கீழுத்தியோகத்தரையும் ஒரே காலத்தில் எடுப்பதில்லை. நிறுவனம் பணம் செலுத்தினால் தொடக்கத்திலேயே மூன்று தரப்பும் உட்கார்ந்து நோக்கத்தை எழுதிக்கொள்வோம். பிறகு நிறுவனத்துக்குப் போவது எத்தனை சந்திப்பு நடந்தது என்ற கணக்கு மட்டும். உள்ளே கதைத்ததை நீங்கள் விரும்பினால் நீங்களே சொல்லலாம். யாருக்காவது உயிராபத்து என்றாலோ சட்டம் கட்டாயப்படுத்தினாலோ மட்டும்தான் விதிவிலக்கு. அதையும் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

"சேர், எல்லாம் சுற்றறிக்கைப்படிதான். என் கையில் என்ன இருக்கிறது?"

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி, அதிகம் வலியோடு கேட்கப்படுவதும் இதுதான்.

தாபன விதிக்கோவையையும் நிதிப் பிரமாணங்களையும் உங்களால் மாற்ற முடியாது. ஆளணி உங்கள் கையில் இல்லை. பணம் எப்போது வரும் என்பதும் இல்லை. டொனெல்லா மெடோஸ் என்ற அறிஞர் ஒரு முறைமையில் எங்கே கை வைத்தால் எவ்வளவு அசையும் என்று வரிசைப்படுத்தினார். எண்களைக் கூட்டிக் குறைப்பதை, அதாவது இன்னும் கொஞ்சப் பணம், இன்னும் கொஞ்ச ஆட்கள் என்பதை, அவர் கடைசியில் வைத்தார். தகவல் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதை அதைவிட மேலே வைத்தார். நம் கூட்டங்களில் பெரும்பாலும் கதைப்பது முதலாவதைப் பற்றி. நம் கையில் பெரும்பாலும் இருப்பது இரண்டாவது.

காணி அனுமதிப்பத்திரக் கோவையைப் பாருங்கள். கிராம உத்தியோகத்தரின் அறிக்கை, காணி உத்தியோகத்தரின் கள ஆய்வு, அளவை, மாகாணக் காணி ஆணையாளர் என்று அது பயணப்படும். எங்கே நிற்கிறது என்று தெரியாத விண்ணப்பகாரர் ஒவ்வொரு பொதுமக்கள் தினத்திலும் வருவார். விடய எழுதுநர் அவருக்காக அலுமாரியில் கோவையைத் தேடுவார். தேடும் நேரத்தில் மற்றக் கோவைகள் நிற்கும். நின்றதால் இன்னும் பலர் விசாரிக்க வருவார்கள். ஆள் போதாது என்று கடிதம் எழுதுவோம், பதில் வராது. என்னோடு வேலை செய்த ஓர் அதிகாரி இந்தச் சுழலை வரைந்து பார்த்துவிட்டு, கோவை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகும் அன்றே விண்ணப்பகாரருக்குக் குறுஞ்செய்தி போகும்படி ஒழுங்கு செய்தார். புதிய ஆளணியும் இல்லை, புதிய சுற்றறிக்கையும் இல்லை. விசாரிக்க வருவோர் குறைந்தார்கள், எழுதுநருக்கு நேரம் மிஞ்சியது. அந்த யோசனை அவருடையது. நான் கேட்டது, "இவர்கள் ஏன் திரும்பத் திரும்ப வருகிறார்கள்?" என்ற ஒரு கேள்வி.

அரசியல் அழுத்தத்தை என்ன செய்வது?

அதை இல்லாமல் செய்ய யாராலும் முடியாது, மக்கள் தெரிவுசெய்த பிரதிநிதி கேட்பதை அழுத்தம் என்று மட்டும் பார்ப்பதும் சரியில்லை. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு முன் பலர் என்னிடம் வருவார்கள். எது தொழில்நுட்பக் கேள்வி, எது மக்களின் பழக்கமும் நம்பிக்கையும் மாறவேண்டிய கேள்வி என்று பிரித்துப் பார்க்கச் சொல்வேன். ஹார்வர்டில் தலைமைத்துவம் கற்பித்த ரொனால்ட் ஹைஃபெட்ஸ் வலியுறுத்திய வேறுபாடு இது. முதலாவதற்கு விதியையும் தரவையும் காட்டினால் போதும். இரண்டாவதை அதிகாரி தனியாகச் சுமந்தால் முறிந்துபோவார். அதைக் கூட்டத்தின் முன் வைத்து, உரியவர்களைப் பேச வைக்க வேண்டும். விதிக்குப் புறம்பானதைச் செய்யச் சொன்னால் பதில் வேறு: எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் கொடுங்கள்.

பெண் அதிகாரிகளுக்கு வேறு விதமாகச் செய்கிறீர்களா?

கேள்விகள் அதேதான். ஆனால் அவர்கள் வரையும் படத்தில் வீடும் இருக்கும். ஆண்கள் பலர் தங்கள் வீட்டை வரைவதே இல்லை. இப்போதெல்லாம் ஆண்களிடமும் வீட்டைச் சேர்த்து வரையச் சொல்கிறேன்.

எந்த மொழியில்?

தமிழில். மட்டக்களப்புப் பேச்சோ, அக்கரைப்பற்றுப் பேச்சோ, உங்களுக்கு வருவதில் கதையுங்கள். அம்பாறையில் வேலை செய்பவர்களுக்குச் சிங்களத்தில் வரும் கடிதங்களும் கூட்டங்களும் ஒரு தனிச்சுமை. அதைப் பற்றியும் கதைப்போம்.

எவ்வளவு காலம் எடுக்கும்? கட்டணம்?

ஆறு மாதம் அளவில், மாதம் இரண்டு சந்திப்பு. இடமாற்றம் வந்தால் தொலைபேசியில் தொடரலாம். தனிப்பட்ட முறையில் வரும் அரச உத்தியோகத்தரிடம் நிறுவனக் கட்டணம் வாங்குவதில்லை. சம்பளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

யாரை ஏற்க மாட்டீர்கள்?

ஒழுக்காற்று விசாரணையில் இருப்பவருக்குப் பதில் எழுதிக் கொடுக்கும் வேலையை எடுப்பதில்லை. "இவரைத் திருத்தித் தாருங்கள்" என்று மேலதிகாரி அனுப்பி, அவருக்கே விருப்பம் இல்லாவிட்டால், முதல் சந்திப்போடு நிறுத்திவிடுவேன்.

முதல் சந்திப்புக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

நீங்கள் தீர்த்துத் தீர்த்தும் திரும்பி வந்த ஒரு பிரச்சினை. ஒரு பெரிய வெள்ளைத் தாளை விரித்து மூன்று கேள்வி கேட்பேன். இது முதலில் எப்போது கண்ணில் பட்டது? உங்களுக்கு முன் அந்தக் கதிரையில் இருந்தவர் என்ன செய்தார்? அவர் செய்த பிறகு யாருடைய வேலை கூடியது? அரச ஆவணங்களின் பிரதி எதுவும் வேண்டாம், அவை உங்கள் கந்தோரைவிட்டு வெளியே வரக்கூடாது. சம்பந்தப்பட்டவர்களின் பெயரும் எனக்குத் தேவையில்லை, பதவியைச் சொன்னால் போதும்.